தெள்ளு

2023ஆம் ஆண்டு, தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்த காலம். தரம் எட்டு மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டிக்கான குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். செந்தமிழ், பைந்தமிழ், தீந்தமிழ் என்று வரிசையாக எழுதி வந்து, 'தெள்ளு தமிழ்' என்று முடித்தேன். திரும்பியபோது கடைசி வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"சேர், தெள்ளெண்டா எங்கட வீட்டுப் பூனையில இரிக்கிற தெள்ளா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஒருவன் தன் காலைச் சொறிந்து காட்டினான். இன்னொருவன் வாங்கிலிருந்து துள்ளி விழுந்தான். எனக்கு எங்கிருந்து அப்படியொரு கோபம் வந்ததோ தெரியாது. "தமிழப் பாத்து நக்கலா?" என்று சத்தமிட்டேன். கேட்டவனை வாங்கில் ஏறி நிற்கச் சொன்னேன். பாடம் முடியும்வரை அவன் நின்றான். அவன் முகத்தில் குறும்பு இருக்கவில்லை, குழப்பந்தான் இருந்தது. அதை அப்போதே கண்டேன். ஆனாலும் இறங்கச் சொல்லவில்லை. இருபது வருடம் கற்பித்தவனுக்குத் தன் பிழை தெரிவதற்கும் அதை ஒத்துக்கொள்வதற்கும் இடையில் ஒரு பெரிய வெட்டை வெளி கிடக்கிறது.

அன்றிரவு அகராதியை எடுத்தேன். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்தில் வாங்கியது. அட்டை போய்விட்டது. எந்தச் சொல்லையும் தெரிந்த சொல் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள், தெரிந்த சொல்லைத்தான் முதலில் தேடிப் பாருங்கள் என்று எங்கள் தமிழ் விரிவுரையாளர் சொல்லுவார். நான் 'தெள்ளு' என்ற சொல்லை அதுவரை ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வினைச்சொல்லாக வரும் 'தெள்ளு'வுக்குப் பொருள்கள் பல. தெளிவாதல், தூய்மைப்படுத்தல், கொழித்தல், ஆராய்தல். தெள்ளிய, தெள்ளியோர், தெள்ளத் தெளிவாக என்பனவெல்லாம் அந்தக் குடும்பத்துச் சொற்கள். தெளிவு என்பதும் அவர்களுக்கு உறவுதான். பெயர்ச்சொல்லாக வரும் 'தெள்ளு' என்பது பூச்சி. நாயிலும் பூனையிலும் ஆட்டிலும் இருந்து இரத்தம் குடிக்கின்ற, சிறகில்லாத, தாவிப் போகின்ற பூச்சி. மலையாளத்திலும் அதற்குச் 'செள்ளு' என்றுதான் பெயர்.

ஆக, பூச்சிக்கும் தமிழுக்கும் ஒரே எழுத்துகள்தாம். பையன் கேட்டது பகிடியல்ல. ஒரே வடிவில் இரண்டு சொற்கள் இருக்கும்போது, இங்கே வருவது எது என்று கேட்பதுதான் மொழி படிக்கின்ற பிள்ளையின் முதல் வேலை. நான் 'வேங்கை'யையும் 'ஆறு'வையும் உதாரணமாக்கி ஒரு சொல் பல பொருள் என்று படிப்பிக்கிறேன். அவன் தன் வீட்டுப் பூனையிலிருந்து ஓர் உதாரணம் கொண்டுவந்தான். அதற்குத்தான் வாங்கில் ஏற்றினேன்.

அகராதியை மூடாமல் இந்தச் சிறிய உயிர்களின் பெயர்களையெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். 'உண்ணி' என்றால் உண்பது. மாட்டின் காதில் ஒட்டியிருக்கும் பூச்சிக்கு அதுவே பெயர். விஞ்ஞான பாடத்தில் அது தாவரவுண்ணி என்றும் ஊனுண்ணி என்றும் மரியாதையாக வருகிறது. அதே சொல் ஒட்டுண்ணி என்று மேடைக்கு வந்தால் மனிதர்களைக் குத்துகின்ற ஈட்டியாகி விடுகிறது. மலையாளத்தில் உண்ணி என்பது சின்னப் பிள்ளையைச் செல்லமாக அழைக்கும் சொல். 'மூட்டை' என்றால் கட்டிலில் கடிப்பதும் மூட்டை, தலையில் சுமப்பதும் மூட்டை. இந்த இரண்டாவது மூட்டையில் வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். எங்களுக்கு மூட்டை என்றால் 1990தான்.

அந்த வருடம் ஒக்டோபரில் எனக்குப் பத்து வயது. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கும் மேற்பட்டோர். நாங்கள் மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து இறங்கியவர்கள். அதைப்பற்றி இந்தப் பக்கங்களில் என்னிலும் நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்குப் பிறகு வந்த ஒரு சின்ன விடயத்தை மட்டும் சொல்கிறேன்.

புத்தளம் மாவட்டத்தில் ஒரு தென்னந்தோட்டத்தின் ஓரத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. கிடுகுச் சுவர், கிடுகுக் கூரை, மணல் தரை. இரண்டொரு நாளில் கால்கள் கடிக்கத் தொடங்கின. கரண்டையைச் சுற்றி இரண்டு மூன்றாகச் சிவப்புப் புள்ளிகள். இரவெல்லாம் சொறிவோம். காலையில் உம்மா லாம்பு எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து தடவிவிடுவார். சொறிந்த இடம் புண்ணாகி, புண் காய்ந்து கறுத்து, ஒரு மாதத்தில் எங்கள் பிள்ளைகளின் கால்களைப் பார்த்தாலே இன்னார் என்று சொல்லிவிடலாம் என்றாகிவிட்டது.

எங்களுக்குப் பின்னேர வகுப்பு. ஊர்ப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுப் போன பிறகு அதே கட்டடத்தில் நாங்கள். அவர்கள் வெளியே போகும்போதும் நாங்கள் உள்ளே வரும்போதும் படலையடியில் ஒரு ஐந்து நிமிடம் சந்திப்போம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் அந்தச் சொல் பிறந்தது. "தெள்ளு வருது, தெள்ளு வருது." பிள்ளைகள் சொன்னதைப் பிள்ளைகள் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருநாள் நாங்கள் கொஞ்சம் நேரத்தோடு போய்விட்டோம். காலை வகுப்புக்குப் பொறுப்பான பெரியவர் ஒருவர், நாங்கள் இருந்து படிக்கும் வாங்குகளை நாளைக்கு வெயிலில் போட்டு எடுக்கவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பேச்சை மாற்றினார். அவர் பேச்சை மாற்றியதுதான் எனக்குச் சுட்டது. சொன்னது பிழை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதோடும் முடியவில்லை. நான் மெலிந்தவன், கறுத்தவன், ஓரிடத்தில் இருக்கமாட்டாதவன். எங்கள் முகாம் பிள்ளைகளே, தங்கள் மேல் விழுந்த அந்தச் சொல்லைத் தட்டியெடுத்து என்மேல் போட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்த பெயர் எனக்கு மட்டும் சொந்தமாயிற்று. சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை நான் தெள்ளுதான். கிரிக்கெட் விளையாடக் கூப்பிடுவதும் அப்படியே, சண்டைக்குக் கூப்பிடுவதும் அப்படியே. கலாசாலைக்குப் போனபோது அங்கே என்னைத் தெரிந்தவர் எவரும் இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல். அந்தப் பெயரை அங்கே எவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கும் சொன்னதில்லை.

தமிழாசிரியனாகி இத்தனை வருடமாகியும் அந்தச் சொல்லை அகராதியில் தேடாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். 'தெள்ளு தமிழ்' என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், மேடையில் பேசியிருக்கிறேன். அந்தச் சொல் தூய்மையென்று மட்டுமே எனக்குப் பொருள்பட வேண்டும் என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தேன் போலும். கடைசி வாங்கிலிருந்த பையன் அந்தக் கதவைத் தட்டிவிட்டான்.

மூன்றாம் நாள் இடைவேளை. ஆசிரியர் அறையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு மைதானத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய் தெள்ளு, பந்தப் போடுடா!" என் உடம்பு தானாகத் திரும்பியது. முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்தப் பெயருக்குத் திரும்புகிற கழுத்து எனக்கு. ஆனால் அழைத்தது என்னையல்ல. பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவன் அந்தப் பையன்.

நான்தான் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தேன். கேள்வி கேட்டபோது வகுப்பு ஒருமுறை சிரித்தது. அதோடு மறந்திருக்கும். நாற்பது நிமிடம் வாங்கின் மேல் நிற்கவைத்து, எல்லோரும் பார்த்து மனதில் பதியும்படி செய்தவன் நான்.

எனக்கு முன்னால் எங்கள் பாடசாலையின் இஸ்லாம் பாட ஆசிரியர், மௌலவி, அமர்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். என் பட்டப்பெயரை விட்டுவிட்டு, வகுப்பில் நடந்ததை மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சேர், தெள்ளு இல்லாம அறபு இலக்கணமே இல்ல. நாங்க மதரசாவில ஓதக்குள்ள இது ஒரு பாடம்."

பிறகு விளக்கினார். அறபியில் வினை முன்னாலும் எழுவாய் பின்னாலும் வந்தால், எழுவாய் பன்மையாக இருந்தாலும் வினை ஒருமையிலேயே நிற்கும். ஆனால் சில அறபுக் குலத்தாரின் வழக்கில் வினையும் பன்மையாகிவிடும். அந்த வழக்குக்கு இலக்கணகாரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'அகலூனில் பறாகீஸ்' மொழி. 'என்னைத் தின்றுவிட்டார்கள், தெள்ளுகள்' என்பது அதன் பொருள். புர்கூஸ் என்றால் தெள்ளு, பறாகீஸ் அதன் பன்மை. சூரத்துல் அன்பியாவின் 3ஆம் வசனத்தின் சொல்லமைப்பைப் பற்றிப் பேசும்போதுகூடத் தஃப்ஸீர்காரர்கள் இந்த வழக்கைக் குறிப்பிடுவார்கள் என்றார்.

"அதில இன்னொரு விசயம் இரிக்கி. அந்த வினையில வாற விகுதி மனிசருக்குரியது. ஒங்கட பாசையில சொன்னா உயர்திணை. தெள்ளுக்குப் போய் உயர்திணை குடுத்திரிக்கிறாங்க."

நான் ஒன்றும் பேசவில்லை. அறபுப் பாலைவனத்தில் எவனோ ஒருவன் இரவெல்லாம் கடிபட்டு, அந்தக் கடியின் கொடுமையில் பூச்சிக்கு உயர்திணை விகுதி கொடுத்துவிட்டான். புத்தளத்துப் படலையடியில் எங்களுக்கு அஃறிணைப் பெயர் கொடுத்தார்கள்.

மௌலவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. இமாம் ஸுயூத்தி (மறைவு 1505) தெள்ளைப் பற்றியே தனியாக ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார் என்றார். தெள்ளைத் திட்டாதீர்கள், அது ஒரு நபியைத் தொழுகைக்கு எழுப்பியது என்று ஓர் அறிவிப்பு உண்டு, அறிஞர்கள் அதைப் பலவீனமானது என்பார்கள் என்றார். சூரத்துல் அஃறாஃபின் 133ஆம் வசனத்தில் பிர்அவ்னின் கூட்டத்தாருக்கு இறங்கிய சோதனைகளில் ஒன்றான 'கும்மல்' என்பதை நாம் பேன் என்று மொழிபெயர்க்கிறோம், அதைத் தெள்ளு என்று சொன்னவர்களும் உண்டு என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"ஷாஃபிஈ மத்ஹபில தெள்ளுட ரத்தம் மன்னிக்கப்பட்டது சேர். நாங்க ஓதின ஃபத்ஹுல் முஈன்ல இரிக்கி. இரத்தம் நஜீஸ்தான். ஆனா தெள்ளு கடிச்சி உடுப்பில பட்டா, அதோட தொழலாம். ஏனெண்டா அது எல்லாருக்கும் வாற கரைச்சல், தப்ப ஏலாது."

உமூமுல் பல்வா என்று அதற்கொரு சொல்லும் சொன்னார். எல்லோரையும் பிடிக்கின்ற சோதனை. முகாமில் ஜும்ஆவுக்குப் போகும்போது என் வெள்ளைச் சாறனில் இருந்த சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளிகள் ஞாபகம் வந்தன. அதை யாரும் காணாமல் மடித்துக்கொண்டு கடைசி ஸஃப்பில் நிற்பேன். மலபாரில் பதினாறாம் நூற்றாண்டில் ஃபத்ஹுல் முஈனை எழுதிய ஸைனுத்தீன் மக்தூம் அவர்களுக்கு, என் சாறனில் குற்றமில்லை என்பது தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அன்று பின்னேரம் உம்மாவிடம் போனேன். 2011இல் நாங்கள் ஊருக்குத் திரும்பியதிலிருந்து உம்மா எங்களுடன்தான் இருக்கிறார். திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பைக்கற்றில் வரும் அரிசியில் கல் இல்லை. ஆனாலும் அவருக்குச் சுளகில் போடாத அரிசி அரிசியே அல்ல.

"என்னம்மா செய்றீங்க?"

"தெரியல்லயா? தெள்ளுறன்."

என் காதிலே விழுந்துகொண்டேயிருந்த சொல். அன்றுதான் கேட்டது. புடைப்பதற்கும் தெள்ளுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். தமிழ் வாத்தியாருக்கு இது தெரியாதா என்பதுபோலப் பார்த்துவிட்டுச் செய்து காட்டினார். புடைப்பது என்றால் உயர எறிவது, காற்றில் உமி பறக்கும். தெள்ளுவது என்றால் எறிவதில்லை. சுளகின் ஓரத்தை விரலால் மெல்ல மெல்லத் தட்டுவது. அரிசிமணிகள் இருந்த இடத்திலேயே சின்னதாகத் துள்ளும். துள்ளத் துள்ளக் குறுணி ஒரு பக்கம் ஒதுங்கும், மணல் ஒரு பக்கம் ஒதுங்கும், நல்ல அரிசி நடுவில் நிற்கும்.

"முகாமில தந்த நிவாரண அரிசியத் தெள்ளின தெள்ளு எனக்குத்தான் தெரியும். கல்லும் வண்டும் பாதி."

அப்போதுதான் கேட்டேன். "உம்மா, அந்த முகாமில எங்களக் கடிச்ச தெள்ளு ஞாபகமா?"

சுளகைத் தட்டுவது நின்றது. "என்ன அப்படிக் கேக்கிறாய்? ஒன்ட கால நான் மறப்பனா?"

அந்தத் தெள்ளை நாங்கள் கொண்டுவந்தோம் என்று சொன்னார்களே என்றேன். அந்தப் பெயர் எனக்கு வந்தது உம்மாவுக்குத் தெரியும் என்று அதுவரை நான் நினைத்திருக்கவில்லை. தெரிந்துதான் இருக்கிறது.

"நாங்க வள்ளத்தில வந்தவங்க. உடுத்த உடுப்போட கடலில நனைஞ்சி வந்து இறங்கின எங்களிட்ட என்ன தெள்ளு மகன்? அது ஆட்டுப் பட்டி. அந்தத் தோட்டக்காரர் பட்டியக் கலைச்சி, ஆட்ட அவிழ்த்திட்டுப் போய்த் தன்ட வீட்டு முத்தத்தில கட்டிப்போட்டுத்தான் எங்களுக்கு அந்த இடத்த விட்டார். ஒரு சதம் வாங்கல்ல. ஆடு போயிட்டுது, தெள்ளு நிண்டிட்டுது."

முப்பத்து மூன்று வருடம். அந்தத் தெள்ளு எங்களோடு வந்தது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டும் புத்தகங்களில் பார்த்தும் பிறகு விளங்கிக்கொண்டேன். தெள்ளின் முட்டை விலங்கின் உடலில் நிற்பதில்லை, உதிர்ந்து தரையில் விழுகிறது. மணலிலும் புழுதியிலும் புழுவாக வளர்ந்து, கூடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. அந்தக் கூட்டுக்குள் உடனே வெளிவராமல் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். மேலே காலடியின் அதிர்வும் உடம்பின் சூடும் தெரிந்தால் வெளியே பாயும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் உடம்பை வைத்துக்கொண்டு ஓரடி தூரம்வரை தாவும். ஆடு இல்லையென்றால் மனிதக் கால். 1898இல் கராச்சியில் போல்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர், எலியிலிருந்து கொள்ளைநோயைக் கடத்துவது தெள்ளுத்தான் என்று பரிசோதனையால் காட்டியபோதும் இதே கதைதான். எலி செத்ததும் தெள்ளு வேறு உடம்பு தேடிப் போகிறது. அதற்கு ஊர்க்காரன், வந்தவன் என்ற பேதமில்லை.

ஆனால் உம்மா சொன்னதில் என்னைப் பிடித்துக்கொண்டது இந்த விஞ்ஞானம் அல்ல. அந்தத் தோட்டக்காரரை நான் அறிவேன். சிறு வயதில் அவரையும் அந்த ஊரையும் ஒன்றாகச் சேர்த்து மனதில் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தேன். தன் ஆட்டை முற்றத்தில் கட்டிவிட்டு எங்களுக்கு நிலம் தந்த மனிதர் அவர். வாங்கை வெயிலில் போடச் சொன்னவரும் அதே ஊர்க்காரர்தான். இரண்டும் உண்மை. நான் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் காற்றில் விட்டிருக்கிறேன். புடைத்திருக்கிறேன், தெள்ளவில்லை.

மறுநாள் தரம் எட்டுக்குப் போனேன். கரும்பலகையில் 'தெள்ளு' என்று பெரிதாக எழுதினேன். பின்வாங்கில் ஒரு கிசுகிசுப்பு. அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்டைக்கு இவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. நான் தண்டிச்சது பிழை" என்றேன். வகுப்பு அமைதியானது. ஆசிரியர் பிழை என்று சொல்வதைப் பிள்ளைகள் எந்த நாளும் கேட்பதில்லை. பிறகு சொல்லின் இரண்டு பொருள்களையும் எழுதினேன். வீட்டிலிருந்து கொண்டுபோன சுளகில் அரிசியைப் போட்டுத் தட்டினேன். எனக்குச் சரியாக வரவில்லை, அரிசி மேசையெல்லாம் கொட்டியது. ஒரு மாணவி எழுந்துவந்து அழகாகத் தெள்ளிக் காட்டினாள். கல்லும் குறுணியும் ஒதுங்கி நல்ல அரிசி நிற்பதைப்போல, பிழையெல்லாம் ஒதுங்கி நிற்கின்ற தமிழ் தெள்ளு தமிழ் என்றேன். மௌலவி சொன்ன இலக்கணத்தையும் சொன்னேன். தெள்ளுக்கு உயர்திணை கிடைத்த கதையைக் கேட்டு அவர்கள் மிகவும் சிரித்தார்கள்.

சொல்லவா விடவா என்று கடைசிவரை யோசித்தேன். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சொன்னேன்.

"எனக்கு ஒங்கட வயசில ஒரு பட்டப்பெயர் இருந்தது. என்னெண்டு தெரியுமா?" கரும்பலகையில் இருந்த சொல்லை வெண்கட்டியால் தட்டிக் காட்டினேன்.

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அந்த முகாமையும் படலையடியையும் ஆட்டுப் பட்டியையும் சுருக்கமாகச் சொன்னேன். அவர்களில் பலருடைய வாப்பாமாரும் உம்மாமாரும் அந்த மணலில் படுத்தவர்கள்தாம். இவர்களுக்கு அது தெரியாது. ஒரு சிறுமி மட்டும், "எங்கட உம்மாட காலிலயும் கறுப்புப் புள்ளி இரிக்கி சேர்" என்றாள். என் காற்சட்டையைச் சற்று உயர்த்தி என் கரண்டையைக் காட்டினேன். இன்னும் இரண்டு தழும்பு இருக்கின்றன.

மணி அடித்தது. வெளியேறும்போது அந்தப் பையன் மேசையருகே நின்றான். "சேர், எங்கட பூனைக்கு இப்ப தெள்ளில்ல. மருந்து பூசின" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. நல்லது மகன் என்றேன்.

அதன் பிறகு மைதானத்தில் அவனை அவனுடைய பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆனால் ஒரு சொல்லை இறக்கி வைத்தால் அது எங்காவது போய் ஏறத்தானே செய்யும். போன மாதம் தரம் ஒன்பது வகுப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அதே பிள்ளைகள்தாம், வகுப்பேறிவிட்டார்கள். கதவடியில் நின்ற ஒருவன் உள்ளே ஓடிப்போய் அறிவித்தது என் காதில் விழுந்தது.

"டேய், இரிங்கடா, இரிங்க. தெள்ளு சேர் வாறார்!"

கேளாதவன்போல உள்ளே போனேன். எல்லோரும் எழுந்து ஸலாம் சொன்னார்கள். பதில் சொல்லிவிட்டு, புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன்.